இரவல் மாடு

அத்தியாயம் 14

நாகவல்லி சந்தேகப்படுகிறாள் என்றால் அதில் புதுச் செய்தி ஒன்றும் இல்லை. பால்காரரில் ஆரம்பித்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் அவள் சந்தேகப்படாத ஆள் நூம்பலில் கிடையாது. ஆனால் தரகர் வேலுசாமி மகள் கஸ்தூரிக்கு வரன் கொண்டுவந்தபோது, அவள் ஒன்றுமே சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள் இல்லையா? அதுதான் போன வாரம் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது.

மாப்பிள்ளை பெயர் குணசேகரன். வயது இருபத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் வேலை, பெர்மனென்ட். அப்பா இல்லை. அம்மா கெங்கம்மாளுடன் ஆவடியில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டு ரூம் வாடகை வீடு.

வேலை நிஜம்தான். ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து, கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று, பையன் சட்டையில் பேட்ஜோடு வெளியே வருவதை நாகவல்லி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தாள். இன்னும் வீட்டைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"ஊட்டைப் பாக்காம பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் இருக்கிறது. அறுபத்தெட்டாம் வருஷம், அவளுடைய அப்பா திருமழிசையிலிருந்து இதே நூம்பலுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். கொட்டகையில் ஜோடியாக இரண்டு வெள்ளை மாடுகள். மனுஷர் மாட்டின் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், சந்தோஷமாகக் கையை நனைத்துவிட்டுப் போனார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என் மாட்டை ஓட்டிக்கினு போறேன் கங்காதரா" என்றார். புதுப்பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டில தண்ணி காட்டினா வாயே வெக்கலயாம். பக்கத்து ஊட்டையே பாத்துகினு நின்னுதாம். எங்க நைனா பல்லைப் பாத்தாரு, அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்கல" என்பாள் நாகவல்லி. இந்த இருபத்து நாலு வருஷத்தில் புருஷன் கங்காதரன் இதை எத்தனை முறை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

இப்போது மாடும் இல்லை, கொட்டகையும் இல்லை. நிலத்தில் பாதியைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். மீதிக்கு வரும் வாய்க்கால் அந்தச் சுவருக்கு அடியில் போய்விட்டது. கங்காதரனுக்கு அதே கம்பெனியில் தோட்ட வேலை. நெல் விளைந்த இடத்தில் புல் வளர்த்து, அதை மாடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காக்கிச் சட்டை வேறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் ஆவடிக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் இல்லை என்பதால் கஸ்தூரி வீட்டிலேயே இருந்தாள்.

"அம்மா, போய் அவங்களை ரொம்பக் கேள்வி கேக்காத" என்றாள் வாசல்வரை வந்து.

"நான் இன்னாடி கேக்கப் போறேன்? கண்ணு கீது, பாத்துட்டு வரேன்" என்றாள் நாகவல்லி.

*

வீடு முதல் மாடியில் இருந்தது. கழுவித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். குணசேகரன் கீழே இறங்கி வந்து அழைத்துப் போனான். பார்க்க நல்ல பையன். அதிகம் பேசவில்லை. பேசாத பையன்களைப் பார்த்தாலும் நாகவல்லிக்குச் சந்தேகம்தான், பேசுகிறவர்களைப் பார்த்தால் ஏற்படும் சந்தேகம் வேறு ரகம்.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்றாள் கெங்கம்மாள்.

"இன்னும் சம்பந்தம் ஆவல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நாகவல்லி உட்கார்ந்தாள்.

கங்காதரன் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டிருந்தார். காற்று நன்றாக வருகிறது, தரை வழவழவென்று இருக்கிறது, ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. 'இந்த ஆள் எதற்கு இப்படிக் குழைகிறார்?' என்று அவரையும் ஒரு பார்வை பார்த்து வைத்தாள்.

பிறகு அவள் கண் வேலையை ஆரம்பித்தது.

சுவரில் ஒரு முருகன் காலண்டர். சின்னக் காலண்டர். ஆனால் அதைச் சுற்றிச் சுவரில் ஒரு பெரிய சதுரம் மட்டும் புகை படியாமல் புதுசாக இருந்தது. அந்த இடத்தில் ரொம்ப நாளாக வேறு ஏதோ பெரிய படம் தொங்கியிருக்க வேண்டும். 'ஏன் கழற்றினார்கள்?'

காபி கண்ணாடி டம்ளரில் வந்தது. நாகவல்லி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்ச் சமையலறையை எட்டிப் பார்த்தாள். அலுமினியம் இருந்தது, பீங்கான் இருந்தது. ஒரே ஒரு எவர்சில்வர் பாத்திரம்கூடக் கண்ணில் படவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எதற்காவது பேர் வெட்டி வந்த நாலு டம்ளர்கூட இல்லாத வீடு உலகத்தில் உண்டா? உப்பு எடுக்க கெங்கம்மாள் மூன்று டப்பாக்களைத் திறந்து மூடினாள்.

திரும்பி வந்தபோது இலை போட்டாகிவிட்டது.

இங்கேதான் விஷயம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தார்கள் என்றால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது. பிடிக்கவில்லை என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி, ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட வேண்டும். நாகவல்லி இலைமுன் உட்கார்ந்தாள். வடை விழுந்தது, சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அவள் கை மடியிலேயே இருந்தது.

பக்கத்து இலையைப் பார்த்தாள். கங்காதரன் பிசைந்தே விட்டார்.

"யோவ்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பசிச்சுது" என்றார் அவர்.

"நீங்களும் கை நனைங்க சம்பந்தி, ஆறிடும்" என்றாள் கெங்கம்மாள்.

கஸ்தூரியின் முகம் நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வயசாகிவிட்டது. எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்று சட்டைகளைச் சரிபார்த்துவிட்டுக் கால் வீங்கி வருகிற பெண். அவளை ஒரு நல்ல வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை தனக்கு மட்டும் இருக்காதா? காலண்டரையும் டம்ளரையும் பெரிசுபடுத்தி ஒரு நல்ல பையனை விடுவதா? நாகவல்லி கையை மடியிலிருந்து எடுத்தாள். இலைவரைக்கும் கொண்டுபோயும் விட்டாள்.

அப்போது மூன்று மணி.

பாத்ரூமில் குழாய் ஒரு தடவை உறுமிவிட்டுச் சோவென்று கொட்ட ஆரம்பித்தது. அடுத்த நிமிஷம் அந்தப் பிளாக் முழுக்க ஒரே சத்தம். கதவுகள் திறந்தன. பக்கெட்டுகள் உருண்டன. மேல்மாடிப் பெண் ஒருத்தி, "தண்ணி வந்துடுச்சு! அரை மணிதான், ஓடியா!" என்று யாரையோ கூப்பிட்டாள்.

கெங்கம்மாள் மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "சம்பந்தி, இன்னும் கொஞ்சம் ரசம்?" என்று கேட்டாள்.

மெட்ராஸில் தண்ணீர் வருகிற நேரத்தில் எழுந்து ஓடாத பொம்பளை ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அவள் வீடாக இருக்கக்கூடாது. வீட்டில் இழவு விழுந்திருந்தாலும் ஒருத்தி போய்க் குடத்தை வைத்துவிட்டு வந்துதான் அழுவாள்.

நாகவல்லி கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, இது யாரு ஊடு?" என்று கேட்டாள்.

குணசேகரன் நிமிர்ந்தான். கெங்கம்மாள் கையில் இருந்த கரண்டியிலிருந்து ரசம் சொட்டியது.

"எங்க ஊடு இல்ல அத்தே" என்றான்.

"அத்தேல்லாம் அப்புறம். உங்க ஊடு எங்க கீது?"

"ஐயப்பன்தாங்கல்ல."

"அங்க இன்னாத்துக்குக் கூப்ட்ல?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை நாகவல்லிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"சின்ன ஊடும்மா. நாலு பேர் ஒக்கார எடம் பத்தாது. அதான்..." என்று கெங்கம்மாள் இழுத்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது இந்த யோசனைய?"

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாகவல்லிக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரி யோசனை யார் மூளையில் விளையும் என்று அவளுக்குத் தெரியாதா? பக்கத்து இலையில் ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுந்திருய்யா."

"நான் கை நனைச்சுட்டேனே நாகு."

"நீ நனைச்சா நீயே கட்டிக்கோ. நான் நனைக்கல. எழுந்திரு."

*

பஸ்ஸில் இடம் கிடைத்தும் கங்காதரன் நின்றுகொண்டே வந்தார். யாரோ ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போனார்.

பூந்தமல்லியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நான் இல்லமே. சத்தியமா நான் இல்ல."

"அப்ப எதுக்கு அந்தப் புகழு புகழ்ந்த?"

"பையன் நல்லாக் கீறான்னு தோணுச்சு. பொய் சொல்லல பாத்தியா? நீ கேட்ட உடனே ஒத்துக்கினான்."

"ஆமா, உனக்கு ஆன மாதிரி மூணு நாள் ஆவல" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது. இவரோடு வாழ்ந்த வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். நிலம் போனபோது அவளைவிட அதிகமாக அழுதவர். ஆனாலும் தன் கல்யாணம் ஒரு பொய்யில் ஆரம்பித்தது என்பதை அவளால் மறக்க முடியவில்லை. தன் பெண்ணுக்காவது அப்படி ஆகக்கூடாது என்றுதானே இத்தனை பாடு?

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. கஸ்தூரி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஆவாது. வேலுசாமி வந்தா சொல்லிடு."

"ஏம்மா?"

"ஊடு அவங்களுது இல்ல. இரவல் ஊடு."

கஸ்தூரியின் முகம் மாறியது. "நீயா எதையாவது நெனச்சுகினு சொல்லாத. அது இரவல்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"தண்ணி வந்துச்சுடி. பிளாக்கே ஓடுது, அந்தம்மா ரசம் ஊத்திகினு நிக்குது."

"ஐயோ, மூணு மணிக்கு வரும், முன்னாடியே குடத்த எடுத்து வெச்சுக்குங்கன்னு எத்தினி தடவ அத்தகிட்ட..."

பாதியில் நிறுத்தினாள். நிறுத்தி என்ன பிரயோஜனம்? சொன்னது சொன்னதுதான்.

நாகவல்லி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எந்த அத்தடி?"

கஸ்தூரி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான நாங்களே அந்தம்மா மூஞ்சப் பாத்தோம். உனக்கு எப்டி அத்த ஆனாங்க?"

"அம்மா, கத்தாத. சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். குணசேகரனை இரண்டு வருஷமாகத் தெரியும். எஸ்டேட் பஸ்ஸில் பழக்கம். தரகர் வேலுசாமியிடம் போய் இந்த வரனைக் கொண்டுவரச் சொன்னதே அவள்தான். ஆவடி வீடு அவளோடு செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் பெண்ணின் அண்ணன் ஜேம்ஸுடையது. அவர்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருக்கிறார்கள். சாவி கேட்டு வாங்கினதும், மாதா படத்தைக் கழற்றிவிட்டு முருகனை மாட்டினதும், பேர் வெட்டின பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டதும் அவள்தான்.

"லவ்வுன்னு வந்து சொல்லியிருந்தா நீ வேலைக்கே போக வேணாம்னு ஊட்டுல ஒக்கார வெச்சிருப்ப. தரகர் மூலமா வந்தா பாப்பேன்னு நெனச்சேன். ஊட்டப் பாக்கணும்னு நீ சொன்னதும் பயந்துட்டேன்மா. அவரு ஊடு ரொம்பச் சின்னது, அதப் பாத்தா உங்கம்மா குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாரு."

நாகவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் ஏமாற்றியதைத் தாங்கினாள், அவர் இடையில் வந்தவர். இது வயிற்றில் பிறந்தது. வலித்தது. வாய்விட்டு அழுதாள்.

"உங்க நைனாவுக்கும் இதுல பங்கு உண்டா?"

"இல்லம்மா. நைனாக்கு ஒண்ணும் தெரியாது."

கதவோரம் நின்றிருந்த கங்காதரன் இருமினார். இருபத்து நாலு வருஷத்தில் முதன்முறையாக அவர் குற்றமில்லாதவர் என்று தீர்ப்பாகியிருக்கிறது. ஆனால் அதைக் கொண்டாடுகிற நிலையில் யாரும் இல்லை. அவரும் இல்லை.

"பாத்தியாமே, நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெண்டாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

குடித்து முடித்தபோது அழுகை நின்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன ஊடுன்னா நான் குடுக்க மாட்டேன்னு யார்டி சொன்னது? நான் இந்த ஊட்டுக்கு வந்தப்ப இது இன்னா அரண்மனையா? குடிசை. குடிசைன்னு சொல்லிக் கேட்டிருந்தா எங்க நைனா குடுத்திருப்பாரு."

கஸ்தூரி சட்டென்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப... சம்மதமாம்மா?"

"அந்த ஊட்டப் பாக்கறேன். நாளைக்குக் காலைலயே போறேன். சொல்லாம கொள்ளாம போறேன். ஒரே ரூமா இருந்தாலும் சரி, ஓலைக் கொட்டாயா இருந்தாலும் சரி. நெஜமா இருந்தா போதும், அங்கயே கைய நனைச்சுட்டு வரேன். எந்தத் தெருன்னு சொல்லு."

கஸ்தூரி சந்தோஷப்படுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுடி. நீ ஆள் உட்டு முன்னாடியே சொல்லிடலாம்னு பாக்காத. எந்தத் தெரு?"

"பஸ் டெப்போ பக்கத்துலன்னு சொல்லியிருக்காரு."

"சொல்லியிருக்காரா? நீ போனதில்லையா?"

"இல்ல. அத்தயக்கூட ஆவடி ஊட்டுலதான் பாத்தேன்."

"தெரு பேரு?"

"கேட்டிருக்கேன். அப்புறம் காட்றேன்னுவாரு."

"ரெண்டு வருஷமா?"

கங்காதரன்கூட ஓரடி உள்ளே வந்து நின்றார்.

"ஜேம்ஸ் அண்ணன் ஊட்டப் பத்தி நான் சொன்னப்ப வேணாம்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். உடனே சரின்னுட்டாரு. எனக்காகத்தான் ஒத்துக்கினாருன்னு..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், மேலே சொல்ல முடியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

இலைமுன் தான் உட்கார்ந்திருந்தபோது தாயும் மகனும் பார்த்துக்கொண்ட பார்வையை நாகவல்லி இவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெயித்திருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் சந்தேகம் பொய்யாகப் போக வேண்டும் என்று அவள் சாமியை வேண்டிக்கொண்டாள்.

"சின்ன ஊடுதான்டி. வேற ஒண்ணும் இருக்காது" என்றாள்.

கஸ்தூரி தலையில் இருந்த பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு லீவு போட்டுடறேன்மா. நானும் வரேன். எனக்கும் பாக்கணும்."